பீலிக்கரை நியாயம்

(நோட்டன் பிரிட்ஜில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இந்த ஊரில் பேச வருகிறவர்கள் தண்ணீரிலிருந்து தொடங்குவதுதான் முறை. காசல்ரீயில் தேங்கும் கெஹெல்கமு ஓயாவின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்து விமலசுரேந்திர மின்நிலையத்தின் சுழலிகளைச் சுழற்றுகிறது. அங்கிருந்து நோட்டன் நீர்த்தேக்கத்தில் விழுந்து, மறுபடியும் சுரங்கம் புகுந்து, பழைய லக்ஷபான மின்நிலையத்துக்கு இறங்குகிறது. பொறியியலாளர் விமலசுரேந்திர 1918 இல் முன்வைத்த யோசனை 1950 இல்தான் மின்சாரமாக வெளிவந்தது. இந்த நீரின் மட்டத்தை நாள் தவறாமல் அளந்து எழுதுகிறார்கள். எப்போது திறப்பது, எவ்வளவு விடுவது என்பதற்கு விதி உண்டு, பொறுப்பாளர் உண்டு. அதே மலைச்சரிவில் இன்னொரு தண்ணீரும் இறங்குகிறது. ஊற்றுக்கண்ணிலிருந்து வந்து, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு அருகே பீலியில் கொட்டுகிற தண்ணீர் அது. அதை யார் முதலில் பிடிப்பது, குடிதண்ணீர் பிடிக்கும் இடத்துக்கு எவ்வளவு தள்ளித் துணி துவைப்பது, வரட்சியில் வீட்டுக்கு எத்தனை குடம், மேலே சருகு அடைத்துக்கொண்டால் யார் ஏறித் துப்புரவாக்குவது என்பவற்றுக்கும் விதி உண்டு. ஆனால் அந்த விதி எந்தக் கந்தோரின் கோப்பிலும் இல்லை. நாட்டுக்கெல்லாம் வெளிச்சம் கொடுத்த முதலாவது தண்ணீரின் பக்கத்திலேயே இருந்த லயங்களுக்கு மின்சாரம் வர எவ்வளவு காலம் எடுத்தது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இன்றைய பேச்சு இரண்டாவது தண்ணீரைப் பற்றியது.

பழைய ஊர்கள் தம்மைத் தாமே ஆண்டுகொண்ட விதத்தைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. 1830 இல் மெட்காஃப் என்ற ஆங்கில அதிகாரி இந்தியக் கிராமங்களைச் சிறு குடியரசுகள் என்று வர்ணித்தார். தமிழரிடம் இந்தப் பேச்சு எழுந்தால் உத்தரமேரூர் வராமல் இருக்காது. அங்கே உள்ளவை முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921 ஆண்டுகளுக்குரியவை. குடவோலை, ஏரி வாரியம், தோட்ட வாரியம் எல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். ஆனால் 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டை மேடையில் புகழ்கிறவர்கள் அதிலுள்ள தகுதிப் பட்டியலை வேகமாகத் தாண்டிப் போய்விடுவார்கள். வரி செலுத்தும் நிலம் கால் வேலியாவது வேண்டும். சொந்த மனையில் சொந்த வீடு கட்டியிருக்க வேண்டும். வயது முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடையில் இருக்க வேண்டும். அது பிராமணர்களின் சபை என்பதையும் மறக்கக்கூடாது. இந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒரு தோட்டத்து லயத்துக்குப் போனால் வயதைத் தவிர வேறெதிலும் ஒருவரும் தேறமாட்டார். நிலம் கம்பனியுடையது. குடியிருக்கும் காம்பரா கம்பனியுடையது. ஆகவே, ஊராட்சி என்பது நிலமுள்ளவர்களின் சங்கதி, லயத்தில் இருந்தவர்களுக்கு அப்படி ஒரு மரபே கிடையாது என்று முடிவு கட்டிவிடுவது எளிது. அந்த முடிவு தவறு என்பதே என் வாதம். இங்கே ஊராட்சி இருந்தது. அது எதைச் சாதித்தது, எந்த இடத்தில் முட்டி நின்றது என்று பார்த்தால், ஊராட்சிக்கு உண்மையில் எது வேண்டும் என்பதும் தெரியும்.

முதலில் சட்டம் என்ன செய்தது என்று பார்ப்போம். பிரித்தானியர் இலங்கைக் கிராமத்தின் வழக்காறுகளைக் கண்டுகொள்ளவில்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. 1856 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் வயல் நீர்ப்பாசனத்தின் பழைய வழமைகளுக்கு உயிர் கொடுக்கவே கொண்டுவரப்பட்டது. வாய்க்கால் வெட்டுவதும் வேலி அடைப்பதும் தண்ணீர் முறை வைப்பதும் விவசாயிகளே கூடி ஒத்துக்கொண்ட வழமையின்படி நடக்கலாம், அதை மீறியவரைத் தண்டிக்கலாம் என்று அது இடமளித்தது. 1871 இல் கிராமச் சமூகங்களுக்கான சட்டம் வந்தது. கிராமக் குழுக்களும் சிறு வழக்குகளை விசாரிக்கும் கிராம மன்றுகளும் அதன் வழியாக உருவாயின. ஹென்றி மெய்ன் கிழக்கிலும் மேற்கிலும் உள்ள கிராமச் சமூகங்கள் பற்றிய நூலை வெளியிட்டதும் அதே 1871 இல்தான். அந்தக் காலத்து ஆட்சியாளர்களுக்குப் பழைய கிராமத்தின் மீது ஒருவகை மோகம் இருந்தது. மோகமெல்லாம் வயலோடு சரி. தேயிலைச் செடி தொடங்கும் இடத்தில் கிராமம் முடிந்தது. 1930களின் பிற்பகுதியில் கிராமச் சபைச் சட்டம் திருத்தப்பட்டபோது தோட்ட லயங்களில் குடியிருந்த தொழிலாளர்கள் அதன் வாக்குரிமைக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையில் அது பெரிய மனக்கசப்பாக வளர்ந்தது. தோட்டத் தொழிலாளரின் பிரஜாவுரிமைப் பறிப்பு அதற்குப் பத்து ஆண்டுகளுக்குப் பின் வந்தது. இன்னும் விசித்திரமானது 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம். அதன் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் பணத்தைச் செலவிடும் வழியை அடைத்தது. வாக்குரிமை திரும்பக் கிடைத்தவர்கள் சபைக்கு உறுப்பினரைத் தெரிவு செய்யலாம், அந்த உறுப்பினரால் அவர்களுடைய லயத்துப் பாதைக்கு ஒரு லொறிக் கல் கொட்ட முடியாது. 2018 வரை நிலைமை இதுதான்.

இப்படி ஒன்றரை நூற்றாண்டாகச் சட்டத்தின் கண்ணில் ஊராகவே இல்லாத இடத்தில் மக்கள் எதை ஆண்டார்கள்? பீலியைச் சொன்னேன். கவ்வாத்து வெட்டிய மலையில் விழும் மிலாறு விறகை யார் எவ்வளவு சுமந்து போகலாம் என்பது இன்னொன்று. லயத்துக்குப் பின்னால் மரக்கறி போடும் துண்டு நிலம், மாட்டுப்பட்டிக்குப் பக்கத்துப் புல், இவற்றின் எல்லையை அளந்து காட்ட வரைபடம் கிடையாது. பக்கத்து வீட்டார் ஒத்துக்கொண்டதே எல்லை. ஆனால் லயத்து ஊராட்சி முழு வடிவில் தெரிவது இரண்டு சந்தர்ப்பங்களில்: சாவிலும் திருவிழாவிலும். ஒரு சாவு விழுந்தால் தப்பு மேளச் சத்தத்தில் செய்தி போகும். குழி வெட்ட ஆள், பந்தல் கட்ட ஆள், ரவுணுக்குப் போய்ச் சாமான் வாங்க ஆள், தூரத்துத் தோட்டங்களிலுள்ள உறவுக்குச் சொல்லிவிட ஆள் என்று வேலை பிரிந்துவிடும். அதை உத்தரவிட்டுப் பிரிக்க ஒருவர் வேண்டியதில்லை. மரண உதவிச் சங்கம் இருக்கும் தோட்டங்களில் பேருக்கு இவ்வளவு என்று பணம் சேரும். அடுத்த சாவு யார் வீட்டில் என்று எவருக்கும் தெரியாது, ஆகவே கொடுக்காமல் தப்பிக்க நினைப்பவர் அரிது. காப்புறுதிக் கம்பனிகளின் தத்துவமும் இதுதான். மொய் நோட்டையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். யார் யாருக்கு எவ்வளவு செய்தார்கள் என்பதை இரண்டு தலைமுறைக்கு ஞாபகம் வைத்திருக்கும் பதிவேடு அது.

திருவிழா இதைவிடச் சிக்கலானது. காப்புக் கட்டுவதிலிருந்து கரகம் பாலித்து, தேர் சுற்றி, மஞ்சள் நீராட்டு முடியும் வரை செலவு பெரியது. அதற்கு வரி வேண்டும். வரி போடக் கூட்டம் வேண்டும். இந்த வருடம் பேருக்கு எவ்வளவு, வேலை இல்லாத வீட்டிடம் எப்படி வாங்குவது, கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டா, தேர் எந்த லயத்துக்கு முதலில் போவது, எந்த வீட்டு வாசலில் எவ்வளவு நேரம் நிற்பது என்றெல்லாம் பேசித் தீர்க்க வேண்டும். தேர் போகும் பாதையைப் பற்றிய சண்டையை வெறும் சாமிச் சண்டை என்று படித்தவர்கள் சிரிக்கலாம். அது யார் யாருக்குச் சமம் என்ற வழக்கு, அதை விசாரிக்க அவர்களுக்கு வேறு நீதிமன்றம் இல்லை. மாசி மாதத்துக் காமன் கூத்தும் அப்படியே. ரதி, மன்மதன் வேடம் யாருக்கு, காமன் மாஸ்டரின் சொல் எதுவரை செல்லும் என்பவற்றுக்கு வழமை இருக்கிறது. எல்லாம் முடிந்தபின் கோயில் கமிட்டி கணக்குக் காட்ட வேண்டும். அந்தக் கூட்டம் சத்தமில்லாமல் முடிவது குறைவு. வாங்கிய வாழைத்தார் எத்தனை, மேளக்காரருக்குக் கொடுத்தது எவ்வளவு என்று துருவித் துருவிக் கேட்பார்கள். உத்தரமேரூருக்கு இப்போது திரும்பிப் பாருங்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது, அவருடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது என்று 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. நிலம், மனை, வேதக் கல்வி எல்லாம் இருந்த பிராமணச் சபைக்கும் இவை ஒன்றும் இல்லாத லயத்துக் கோயில் கமிட்டிக்கும் பொதுவாக இருப்பது இந்த ஒரு விதிதான். பொதுப் பணத்தைத் தொட்டவன் பொதுவில் பதில் சொல்ல வேண்டும். ஊராட்சியின் அடிப்படை இந்தக் கணக்கில் இருக்கிறது, காணி உறுதியில் இல்லை என்று நான் கருதுவது இதனால்தான்.

இதற்கு எழும் முதல் மறுப்பு கனமானது. நீங்கள் மெச்சுகிற இந்த ஒற்றுமையெல்லாம் பெரிய கங்காணியின் தடியில் நின்றதல்லவா என்று கேட்பார்கள். உண்மைதான். ஆட்களைக் கூட்டி வந்தவர், கடன் கொடுத்தவர், கோயில் கட்டியவர், பஞ்சாயத்தில் நடுவே உட்கார்ந்தவர் எல்லாம் ஒரே ஆள். கடனைத் துண்டில் எழுதி ஆளைத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றிய முறை 1921 இல்தான் சட்டப்படி ஒழிந்தது. கங்காணிகளின் கும்பல்கள் சாதி, உறவு வழியாகத் திரட்டப்பட்டன. அதே பிரிவின்படி லயங்களும் ஒதுக்கப்பட்டன. இலங்கைத் தோட்டங்களில் சாதியின் தொடர்ச்சியைப் பற்றி ஆர். ஜெயராமன் எழுதி 1975 இல் வெளியான நூல் இதை விரிவாகக் காட்டுகிறது. தப்படித்தவருக்கு அந்தத் தப்பு பெருமையாக மட்டும் இருக்கவில்லை. இந்தியக் கிராமத்தைப் பற்றி அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசமைப்பு நிர்ணய சபையில் சொன்ன கடுஞ்சொற்கள் கடல் தாண்டி லயத்துக்கும் பொருந்தும். இதை மறைத்துவிட்டு மலையக மரபைப் பாடுவதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் இந்த மறுப்பு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் போகிறது. கங்காணியின் தடி ஒடிந்த பிறகும் கமிட்டி ஏன் நிலைத்தது? 1930களில் நடேசய்யரின் தோட்டத் தொழிற்சங்கமும், 1940 தொட்டுப் பரவிய தொழிற்சங்கங்களும் கங்காணியின் பிடியைத் தளர்த்தின. கங்காணி போனால் கூட்டமும் போயிருக்க வேண்டும். போகவில்லை. தலைவர் என்ற சொல்லே புதிய ஆளிடம் போய்ச் சேர்ந்தது. இன்று தோட்டத்தில் தலைவர் என்றால் சங்கத் தலைவர். கங்காணி தன் தேவைக்குப் பயன்படுத்திய கூட்டத்துக்கு, அவர் இல்லாமலும் வாழக்கூடிய வேர் இருந்திருக்கிறது. மேலிருந்து போடப்பட்ட ஏற்பாடு மட்டுமே என்றால் மேலே இருந்தவரோடு அது செத்திருக்கும்.

பெண்களைப் பற்றிய மறுப்புக்கு அவ்வளவு எளிதாகப் பதில் சொல்ல முடியாது. கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், கோயில் வரியும் சங்கச் சந்தாவும் அவர்கள் பேரில்தான் பெருமளவு பிடிக்கப்படுகிறது, கமிட்டியில் உட்காருபவர்களோ ஆண்கள். மாதர் சங்கத் தலைவி என்று ஒரு பதவி இருக்கிறது, அதன் அதிகாரம் பற்றி நீங்களே அறிவீர்கள். வரி கொடுப்பவர் கணக்குக் கேட்க முடியாத இடத்தில் நான் சொன்ன அடிப்படை விதியே உடைகிறது. ஆனாலும் பெண்களிடம் ஊராட்சி இல்லை என்று ஆகாது. பீலிக்கரையின் முறையை வைத்தவர்களும் காத்தவர்களும் பெண்கள்தான். அந்தப் பயிற்சி பீலியைத் தாண்டி எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கேரளத்து மூணாறு சாட்சி. 2015 செப்டெம்பரில் அங்கே ஆயிரக்கணக்கான தமிழ்த் தேயிலைத் தொழிலாளிப் பெண்கள் ‘பெண்கள் ஒற்றுமை’ என்ற பேரில் வீதியில் உட்கார்ந்தார்கள். போனஸைக் குறைத்த நிர்வாகத்தை மட்டுமல்ல, தங்கள் பேரில் பேசி வந்த சங்கத் தலைவர்களையும் சேர்த்தே எதிர்த்தார்கள். அவர்களை அழைத்துவர ஒரு கட்சியும் இல்லை. அப்படி ஒரு கூட்டம் சில நாளில் ஆகாயத்திலிருந்து குதிக்காது. ஒருவரையொருவர் தெரிந்த, ஒருவர் சொல்லை ஒருவர் நம்பிய பல வருடப் பழக்கம் இல்லாமல் அது நடந்திருக்காது.

இனி எனக்கே நெருடலாக இருக்கும் மறுப்புக்கு வருகிறேன். லயத்து மக்கள் பகிர்ந்துகொண்டது வறுமையை மட்டும்தானே? காடு எவருடையது, ஊற்று எவருடையது, எந்த மலையில் செடி பிடுங்கி வேறு பயிர் வைப்பது என்பவை தோட்டத் துரையின் கந்தோரில் தீர்மானமாயின. ஹார்டின் என்ற அறிஞர் 1968 இல், பொதுவளத்தை ஆளாளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள் என்று எழுதினார். எலினோர் ஆஸ்ட்ரம் 1990 இல் வெளியிட்ட நூலில் உலகெங்குமிருந்து உதாரணம் காட்டி அதை மறுத்தார், 2009 இல் நோபல் பரிசும் பெற்றார். அவருடைய உதாரணங்களில் மக்கள் ஆண்டது உண்மையான வளத்தை, நீங்கள் காட்டுவது மிலாறும் மொய்யும் என்று ஒருவர் சொன்னால் நான் தலை குனிய வேண்டியதுதான். இன்னும் ஒரு படி மேலே போய் நானே ஒப்புக்கொள்கிறேன்: கோயில் பணம்கூடப் பெரும்பாலும் சம்பளப் பதிவேடான செக்ரோலில் பிடிக்கப்பட்டு, கந்தோர் வழியாகத்தான் கமிட்டியின் கைக்கு வந்தது. தன் வரியைத் தானே வசூலிக்காத ஊராட்சி முழு ஊராட்சி ஆகாது. துரை மனம் வைத்தால் தருவார், மனம் கோணினால் நிறுத்துவார். ஆனால் இந்தக் குறை நிலமில்லாமையால் வந்ததா, அங்கீகாரம் இல்லாமையால் வந்ததா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஆஸ்ட்ரம் கண்ட நிபந்தனைகளில் ஒன்று, மக்கள் தமக்குத் தாமே விதி செய்யும் உரிமையை வெளியிலுள்ள அதிகாரம் தட்டிப் பறிக்கக்கூடாது என்பது. அதில் நிலவுடைமை என்ற சொல்லே இல்லை.

இதற்குச் சாட்சி தேடித் தூரம் போக வேண்டாம், துரைமார் பலர் வந்த ஸ்கொட்லாந்துக்கே போகலாம். இந்த வட்டாரத்துத் தோட்டங்களின் பேர்களிலும், பக்கத்திலுள்ள அபர்டீன் நீர்வீழ்ச்சியின் பேரிலும் அந்த நாடு இன்னும் இருக்கிறது. அங்கே வடமேற்கு மலைகளிலும் தீவுகளிலும் சிறு குடியானவர்கள் பிரபுக்களின் நிலத்தில் குத்தகைக்கு இருந்தார்கள். ஆட்டுக்காக அவர்களைக் கிளப்பிவிட்ட கொடுமை பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடந்தது. போராட்டங்களுக்குப் பின், 1886 ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை எழுப்ப முடியாதபடி குடியிருப்புக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. 1891 இல் வந்த இன்னொரு சட்டம், பொது மேய்ச்சல் நிலத்துக்குக் குடியானவர்களே ஒரு குழுவை அமைத்து விதி செய்யலாம் என்றது. ஒவ்வொரு குடும்பமும் எத்தனை மாடு, எத்தனை ஆடு விடலாம் என்பதை அந்தக் குழு தீர்மானிக்கும். கவனியுங்கள், நிலம் அப்போதும் பிரபுவின் நிலம்தான். குத்தகைக்காரர்களின் வழமைக்குச் சட்டம் ஒரு முத்திரை குத்தியது, அவ்வளவே. அந்த முத்திரை பிரபுவின் மானேஜரையும் கட்டுப்படுத்தியது. அதே ஆண்டுகளில் அதே பேரரசின் கீழிருந்த இந்த மலைகளில் அந்த முத்திரை எவர் நினைவிலும் வரவில்லை. லயத்துக்காரர் குத்தகைக்காரர் அல்லர், கூலிக்காரர் என்று பதில் சொல்வார்கள். சொல்லட்டும். நான்கைந்து தலைமுறை ஒரே காம்பராவில் பிறந்து செத்தவர்களை வந்துபோகும் கூலி என்று எழுதி வைத்தது கணக்குப் புத்தகத்தின் வசதிக்காக, உண்மைக்காக அல்ல.

இப்போது எல்லாம் மாறிவிட்டதே என்பது கடைசி மறுப்பு. மாறித்தான் இருக்கிறது. 2018 இல் 33 ஆம் பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டுத் தேர்தலில் அம்பகமுவ பிரதேச சபை மூன்றாகப் பிரிந்து அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா என்று நின்றது. நுவரெலியா பிரதேச சபையும் அப்படியே மூன்றானது. ஏழு பேர்ச் காணியில் தனி வீடுகளும் எழும்புகின்றன. இனிக் கோயில் கமிட்டியின் வேலை சாமி கும்பிடுவதோடு முடியட்டும், மற்றதைப் பிரதேச சபை பார்க்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். சபை பாதை போடலாம். ஆனால் எந்த ஊற்றுக்கண் பங்குனியில் வற்றும், எந்த வீட்டுக் கிழவியால் மேட்டுக்குக் குடம் சுமக்க முடியாது என்பது சபைக்குத் தெரியாது. மேலிருந்து அமைத்த கூட்டுறவு எப்படி முடியும் என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். தொண்ணூறுகளில் தோட்டம் தோறும் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாக்கப்பட்டன. பெயர் கூட்டுறவு, பல தோட்டங்களில் தலைவர் தோட்ட முகாமையாளர். கடன் வாங்குபவரும் அந்தக் கடனைச் சம்பளத்தில் பிடிப்பவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஏகமனதாகத் தீர்மானம் எடுத்த அதிசயம் அது.

தனி வீடு வந்தபின் பீலியும் மாறும். லயம் வரிசையாக இருந்தபோது தண்ணீர் ஓரிடத்தில் கொட்டியது, எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள், ஒருவர் கூடுதலாகப் பிடித்தால் உடனே தெரிந்தது. ஏழு பேர்ச்சுக்கு ஏழு பேர்ச் தள்ளி வீடு அமைந்து, வீட்டுக்கு ஒரு குழாய் இழுத்துவிட்டால் அந்தக் கண்காணிப்புப் போய்விடும். மேட்டு வீட்டுக்காரர் தன் வால்வைத் திறந்து வைத்துவிட்டு வேலைக்குப் போனால் பள்ளத்து வீட்டில் காற்றுத்தான் வரும். பீலிக்கரையில் எழுதாமலே நின்ற விதியை இனி எழுதித்தான் ஆக வேண்டும். யார் எழுதுவது என்பதே இப்போதைய கேள்வி. பிரதேச சபைக்குத் துணை விதி செய்யும் அதிகாரம் இருக்கிறது. 1856 இல் வயல்காரர்களுக்குச் செய்ததை, ஸ்கொட்லாந்தில் 1891 இல் மேய்ச்சல்காரர்களுக்குச் செய்ததை, இங்கே ஒரு சபை ஒரு தோட்ட டிவிஷனுக்குச் செய்து பார்க்கலாம். தண்ணீர்க் குழுவைக் குடியிருப்பவர்கள் தெரிவு செய்ய வேண்டும், முகாமையாளரும் சங்கத் தலைவரும் அதில் பதவியின் பேரால் உட்காரக்கூடாது, பாதி இடமாவது தண்ணீர் சுமந்த பெண்களுக்கு இருக்க வேண்டும், பணத்தைச் செக்ரோலில் பிடிக்காமல் குழுவே வீடு வீடாக வாங்கிப் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும். இன்னும் மூன்று சங்கதி இருக்கிறது, அவற்றுக்கு என்னிடம் ஆயத்தமான விடை இல்லை. ஊற்றுக்கண் கம்பனியின் குத்தகைக் காணிக்குள் இருக்கும்போது குழுவின் விதி அந்த எல்லையைத் தாண்டிச் செல்லுமா? தோட்டத்தில் வேலை செய்யாமல் வீட்டில் மட்டும் குடியிருப்பவருக்கு வேலை செய்பவரோடு சம பங்கா? கோயில் கணக்கையும் தண்ணீர்க் கணக்கையும் ஒரே கூட்டத்தில் வாசிப்பதா, வேறு வேறாக வாசிப்பதா? இவற்றைப் பற்றி என்னைவிட உங்களுக்குத்தான் அதிகம் தெரியும். நேரம் இருக்கிறது, கேட்க நான் ஆயத்தம்.